நார்க்குளத்தில் சாயக்காரர்

வெள்ளி, காலை 6.40

ஒஸ்வால்தோ குளத்தில் குப்புற மிதந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளும் தலைக்கு முன்னால் நீண்டிருந்தன. முழங்கை வரை நீலம். சாயத்தொட்டியில் வருஷக்கணக்காக முக்கி எடுத்து, இனி எந்தச் சோப்புக்கும் போகாது என்று ஆகிவிட்ட நீலம். சான் கிராத்தோவில் அப்படிக் கை உள்ளவர் அவர் ஒருவர்தான். அடையாளம் காட்ட யாரும் வரவேண்டியிருக்கவில்லை.

முதலில் பார்த்தவன் ரென்சோ. குளத்தை ஒட்டிய வயல் அவனுடையது. குடைமிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் திருப்ப வந்திருந்தான். ஊரே சணல் சங்கத்தில் சேர்ந்தபோது சேராத ஒரே ஆள். ஊர் கிழக்கே போனால் மேற்கே போகிறவன். போன ஞாயிறுதான் மதுக்கடையில் ஒஸ்வால்தோவின் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தான். போலீசுக்குப் போன் செய்துவிட்டு, அது ஞாபகம் வந்தவனாக, கரையிலிருந்து தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷன் பொறுப்பாளர் போனாரியா செர்ரா ஜீப்பிலிருந்து இறங்கினாள். சார்தீனியாத் தீவில் பிறந்தவள். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து பல வருஷம் ஆயிற்று. முகத்துக்கு நேரே எல்லோரும் ‘மரெஷாலோ’ என்பார்கள், அந்தப் பதவிக்கு அதுதான் மரியாதை. முதுகுக்குப் பின்னால் ‘தீவுக்காரி’. அவளுக்கு இரண்டும் தெரியும்.

வாய்க்காலில் தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் மேலே குரலை உயர்த்தித்தான் அவள் கேட்கவேண்டியிருந்தது.

“எப்ப பாத்தே?”

“இப்பத்தான். மடை தெறக்க வந்தேன்.”

“தொட்டியா?”

“எனக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். நான் ஏன் தொடப்போறேன்?”

“நேத்து சாயங்காலம் எங்க இருந்தே?”

“வீட்ல. பொண்டாட்டியக் கேளுங்க. அவ சொன்னா நம்புவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்ப என்னத்துக்குக் கேக்கறீங்க?”

செர்ரா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தாள். செங்கல் கட்டிய நீள்சதுரம். இந்த ஊரில் சணல் என்றால் கோணிப்பைச் சணல் இல்லை. கஞ்சாவுக்குப் பங்காளிச் செடி. போதை கிடையாது, நார் மட்டும்தான். கோடை முடிவில் தட்டையை அறுத்துக் கட்டுக்கட்டாகக் கட்டிக் குளத்தில் போடுவார்கள். மேலே ஆற்றுக்கல்லை ஏற்றி அமுக்குவார்கள். பத்து நாள் ஊறினால் நார் கழன்று வரும். உடனே எடுத்துக் காயவைக்கவேண்டும்.

“என்ன இப்பிடி நாறுது?”

“நார்க்குளம்னா நாறத்தான் செய்யும்,” என்றான் ரென்சோ.

கான்ஸ்டபிள் நஸாரியோ தண்ணீருக்குள் இறங்கினான். அவன் குள்ளம், தண்ணீர் அவன் நெஞ்சு வரைதான் வந்தது. ஒஸ்வால்தோ அவனைவிட ஒரு தலை உயரம். அவனும் இன்னொரு கான்ஸ்டபிளுமாகச் சேர்ந்து அவரைக் கரையேற்றினார்கள். பிடரியில் விரல் பதிந்த கன்றல். நகக்கண்களில் கறுப்பாக ஏதோ கூழ், அதில் மயிரிழை மாதிரி நார். கரையில் ஒரு நீளக் கொக்கிக் கம்பு. கட்டுகளை இழுத்தெடுக்க வைத்திருப்பது. அதன் நுனியிலும் அதே கூழ்.

ஒஸ்வால்தோ கால்சட்டையின் அடிமடிப்பு அவிழ்ந்து, துணி பாதத்தில் சுற்றிக் கிடந்தது. அவர் எப்போதும் அப்படித்தான், எதையும் அரைகுறையாக மடிப்பவர் என்று செர்ரா நினைத்துக்கொண்டாள்.

“நேத்து இருட்டற நேரத்துல போயிருக்கும்,” என்றார் உடலைப் பார்க்க வந்த மருத்துவர். “உள்ளங்கையில சிராய்ப்பு. திமிறியிருக்காரு.”

“நிக்கத் தெரிஞ்ச மனுஷன் இந்தத் தண்ணியில மூழ்கிச் சாகமாட்டான்,” என்றாள் செர்ரா. “அமுக்கினவன் கூடவே எறங்கியிருக்கான். நெஞ்சு வரைக்கும் நனைஞ்சிருக்கான்.”

நஸாரியோ தன் சட்டையை முகர்ந்து பார்த்தான். “இதோட வீட்டுக்குப் போனா எம் பொண்டாட்டி வாசல்லயே உரிச்சு எரிச்சிடுவா மேடம். என்னையும் சேத்து எரிச்சாலும் எரிச்சிடுவா.”

காலை 9.00

ஒஸ்வால்தோவின் மனைவி கிளேலியா அழவில்லை. அடுப்படியில் நின்று, நேற்று வைத்த சூப்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“சோத்து நேரத்துக்குக் கெளம்பினார். ‘கொளத்தை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன், சூப்பு ஆறாம வை’ன்னார். வெச்சிருந்தேன். நான் தூங்கிட்டேன் மரெஷாலோ. ஆளு வரலன்னுகூடத் தெரியாமத் தூங்கிட்டேன்.”

“கொளத்துல என்ன வேலை?”

“அதைத்தான் நானும் கேட்டேன். அங்க என்ன இருக்கு, மழைத்தண்ணியத் தவிர?”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. பதினஞ்சு நாளா எதுவுமே சொல்றதில்ல. சாயம் முக்கறதையும் நிறுத்திட்டார். நூலைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே உக்காந்திருப்பார். ‘ரொம்ப வழவழன்னு இருக்கு கிளேலியா, நம்ம செடி இவ்வளவு நல்லது இல்ல’ன்னார். நல்லா இருந்தா சந்தோஷப்பட வேண்டியதுதானே? எதையாவது கொறை சொல்லணும் அவருக்கு.”

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “எம் பொண்ணு ஜெர்மனியில கண்டவன் வீட்டுக் கக்கூஸ் கழுவறா. நாளைக்குக் கம்பெனிக்காரங்க கையெழுத்துப் போட்டா, தையல் பகுதிக்கு அவளைக் கூப்பிட்டுக்கலாம்னு தலைவர் சொல்லியிருக்கார். அவ வருவா இல்ல?”

 வருவாள் என்று செர்ரா சொல்லிவிட்டு வந்தாள்.

காலை 11.00

சங்கக் கூடத்தில் நாளைய விழாவுக்குக் கட்டிய காகிதத் தோரணங்களை ஒருத்தி கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி, விழா நடக்கும் என்று திரும்பக் கட்டிக்கொண்டு வந்தாள். சுவரில் பெரிய படம். நானூறு வருஷம் முன்னால் இந்த ஊர்ச் சணல் கோவேறு கழுதை முதுகில் மலையேறி ஜெனோவா துறைமுகத்துக்குப் போன கதை. கப்பல் பாய்க்கும் கயிற்றுக்கும் போக மிச்சத்தில் நீலம் ஏற்றி மாலுமிகளுக்குக் கால்சட்டை தைத்தார்களாம். ஜெனோவாவின் பேர் ஜீன்ஸ் ஆயிற்று. பிரான்சில் நீம் என்கிற ஊரின் பேர் டெனிம் ஆயிற்று. சான் கிராத்தோவின் பேர் எதுவும் ஆகவில்லை. பிறகு பருத்தி வந்தது, நைலான் வந்தது. கடைசியில் கஞ்சா பயம் வந்து, வயலில் நின்ற மிச்சத்தையும் பிடுங்கிப் போட்டார்கள்.

அதைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று நாலு வருஷம் முன்னால் கிளம்பினவர் ஒரேஸ்தே, சங்கத் தலைவர். தண்ணீர் கொஞ்சம் போதும், பூச்சிமருந்து வேண்டாம், பருத்தி கிழிந்த பின்னும் இது உழைக்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஊர் நம்பி நிலத்தைக் கொடுத்தது. போன கோடையில் முதல் அறுப்பு. இந்த வசந்தத்தில் முதல் துணி. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கால்சட்டை, கூடவே மரெஷாலோவுக்கும் ஒன்று. நாளை மிலானிலிருந்து ஒரு பெரிய ஜீன்ஸ் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டால் ஊர் பிழைக்கும். போடாவிட்டால் அறுத்ததை அடுப்பில் வைக்கலாம்.

கூடத்திலிருந்த எல்லோரும் அந்த நீலக் கால்சட்டையில்தான் இருந்தார்கள். மடித்துவிட்ட அடிவிளிம்பின் வெள்ளைப் பக்கம் ஒவ்வொரு கணுக்காலிலும் பட்டையாகத் தெரிந்தது. ஒரு வாரமாக இதுதான் ஊரின் சீருடை. மாதா கோயிலுக்கும் இதைத்தான் போட்டுக்கொண்டு போனார்கள்.

தலைவர் இரண்டு கையிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் நாற்காலியைத் தூக்கி வருகிறவர் அவர்தான். கண்கள் சிவந்திருந்தன. ஆனாலும் கூட்டத்திலேயே அவர்தான் பார்க்க நறுவிசாக இருந்தார். முகச்சவர வாசனைத்தண்ணீர் நாலடிக்கு மணத்தது. கால்சட்டை தைத்து வைத்ததுபோல் ஷூவின்மேல் அளவாக நின்றது.

“உக்காருங்க தலைவரே. கடைசியா எப்ப பாத்தீங்க?”

“நேத்து மத்தியானம், சாயப்பட்டறையில. நாளைக்குத் தொட்டியத் தெறந்து காட்டணும்னு பேசிக்கிட்டோம்.”

“சாயங்காலம்?”

“என் கண்ணாடிக் கூடாரத்துல. நாத்துக்கு அடுப்பு மூட்டிட்டிருந்தேன்.”

“மே மாசத்துலயும் அடுப்பா?”

“ராத்திரி குளிருதே.”

“ஒஸ்வால்தோவுக்குக் கொளத்துல என்ன வேலை?”

“அதான் மண்டையக் கொடையுது. இப்ப அங்க வெறும் தண்ணிதானே?” அவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். “என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் அவன். எவன் செஞ்சிருந்தாலும் விடாதீங்க மரெஷாலோ.”

அந்த அழுகை பொய்யில்லை என்று செர்ரா சத்தியமே செய்திருப்பாள். அவர் எழுந்து போனார்.

தறிக்காரி மிரெல்லா ஈரத்துணியோடு வந்து நாற்காலிகளை வரிசையாகத் துடைத்துக்கொண்டு போனாள். உட்கார்ந்து எழுந்த ஒவ்வொரு நாற்காலியிலும் நீலக்கறை. “ஊர்க்காரங்க பின்பக்கமெல்லாம் என் நாற்காலியிலதான்! சாயம் புதுசு, ஒட்டாம என்ன செய்யும்?” தலைவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துடைக்காமல் அடுத்ததற்குப் போனாள். “உங்க கால்சட்டைய நீங்க தண்ணியில போட்டுடலயே மரெஷாலோ?”

“அலமாரியிலதான் இருக்கு. மடிச்சு விட்டா நல்லாவா இருக்கு? குட்டையா இருக்கறவளுக்கு இன்னும் குட்டையாத் தெரியுது.”

“மடிக்காம என்ன பண்ணுவீங்க? ஒரு தடவை தண்ணி பட்டுக் காஞ்சா நாலு விரல் ஏறிடும். அதுக்குத்தான் எல்லாருக்கும் நீளமா வெட்டினேன். நாளைக்கு அவங்க பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் எல்லாரும் ஒண்ணா ஆத்துல தொவைக்கிறோம். அது வரைக்கும் எவன் கால்சட்டையாவது நனைஞ்சுதுன்னா தோலை உரிச்சிடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

வாசலில் கூச்சல். பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள்.

“ரென்சோவ ஏன் இன்னும் பிடிக்கல?”

“அவன் வயித்தெரிச்சல்தான் மரெஷாலோ, வேற என்ன?”

“நாளைக்கு அவங்க வர்றதுக்குள்ள அவனை உள்ள போட்டு விஷயத்தை முடிங்க!”

மதியம் 2.00

வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர் துரினிலிருந்து ஐந்து மணிக்கு வருவதாகச் செய்தி. செர்ரா நஸாரியோவைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் குளத்துக்குப் போனாள். ரென்சோ வரப்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். விலங்கு போடத்தான் வருகிறார்கள் என்று எண்ணிக் கடைசி வாயை அவசரமாக விழுங்கினான்.

“ரென்சோ, ஒரு சந்தேகம். இவ்வளவு தவளை கத்துதே, கொளத்துல ஒண்ணுகூட ஏன் இல்ல?”

அவன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “கட்டு போட்டா தண்ணி விஷமாயிடும், மீன் தவளை எல்லாம் செத்துடும். அது சகஜம்தான். கட்டை எடுத்துட்டா மழை வந்து கழுவி விட்டுடும். குளிர் முடிஞ்சதும் திரும்பி வந்துடும்பான் எங்கப்பன்.”

“இந்த வருஷம்?”

“வரல.”

“போன வருஷக் கட்டை எடுத்தப்ப நீ பாத்தியா?”

“மொளகா பறிக்கிற மாசம் அது. எம் பொணத்தையே தூக்கிட்டுப் போனாக்கூட நான் நிமிந்து பாத்திருக்க மாட்டேன். தலைவர் வெளியூர் ஆள் வெச்சு எடுத்து, லாரியில ஆலைக்கு அனுப்பினதா சொல்லிக்கிட்டாங்க.”

செர்ரா கொக்கிக் கம்பை நஸாரியோவிடம் கொடுத்தாள். “நடுவுல போட்டு இழு.”

முதல் இழுப்பில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதில் கல் ஒன்று உருண்டது. மூன்றாவதில் ஒரு கட்டு மேலே வந்தது. கட்டு என்று சொல்வதற்குச் சங்கத்தின் மஞ்சள் நைலான் கயிறு மட்டும்தான் மிச்சமிருந்தது. உள்ளே இருந்த தட்டை குழைந்த சோறாகக் கறுத்துக் கரையில் சரிந்தது. நஸாரியோ மூக்கைத் தோளில் அழுத்திக்கொண்டு மறுபடியும் கொக்கியைப் போட்டான். அதற்கு அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் இன்னும்.

போன கோடையில் ஊரே கூடி அறுத்தது, பாட்டுப் பாடி இந்தக் குளத்தில் இறக்கியது, அத்தனையும் இங்கேயே கிடந்தது.

“இது இங்க இருந்தா...” என்றான் ரென்சோ. சங்கத்தைத் திட்டுவதற்கு நாலு வருஷமாகக் காத்திருந்தவன், வாக்கியத்தை முடிக்காமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

 கொன்றவன் இவனாகவே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று செர்ராவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். பிறகு நேரே சங்கக் கூடத்துக்குப் போகாமல் வீட்டுக்குப் போனாள். அலமாரியைத் திறந்து தன் கால்சட்டையைப் படுக்கையில் விரித்து, அதன் மடிப்பை இறக்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

மாலை 4.00

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கிளேலியா கறுப்பு உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுக்குத் தண்ணீர்க் குவளையை நீட்டியபடி தலைவர்.

“ஒரு கேள்வி,” என்றாள் செர்ரா. “போன வருஷம் கொளத்துலேருந்து கட்டை எடுத்ததைக் கண்ணால பாத்தவங்க கை தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை.

“மிரெல்லா?”

“நான் பறிப்புல இருந்தேன். லூயிஜின் பாத்திருப்பாரு.”

“நான் எங்க பாத்தேன்?” என்றார் லூயிஜின் கிழவர். “அவனவன் மொளகாய அவனவன் பறிக்கிறதா, கொளத்துக்குக் காவல் இருக்கறதா? தலைவர் எடுத்துட்டேன்னார். அவர் பொய்யா சொல்லப்போறார்?”

“எடுக்கல,” என்றாள் செர்ரா. “எல்லாம் அங்கயேதான் அழுகிக் கெடக்கு. இப்பத்தான் இழுத்துப் பாத்துட்டு வரேன். நார்க்குளம்னா நாறும்னு எல்லாருமே விட்டுட்டீங்க. எப்ப நாறும்? கட்டு ஊறும்போது நாறும். வெறும் மழைத்தண்ணி மே மாசத்துல ஏன் நாறணும்? நாத்தம் உங்களுக்குப் பழகிப் போச்சு. நான் தீவுக்காரி, எனக்குப் பழகல.”

செர்ரா கூட்டத்தைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

“ஒஸ்வால்தோவுக்கு நூல் மேல சந்தேகம் வந்துது. கொளத்தைக் கொக்கி போட்டுப் பாத்தார். பாத்ததை வெளியில சொல்லக்கூடாதுன்னு ஒருத்தர் தண்ணியில எறங்கினார். நெஞ்சு வரைக்கும் நனைஞ்சார். அந்த நாத்தத்தோட வெளியில நடமாட முடியாது. துணியத் தொவைச்சே ஆகணும்.” அவள் கிளேலியாவைப் பார்த்தாள். மேலே சொல்லாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று தேடினவள்போல் இருந்தது. “எல்லாரும் எழுந்து நில்லுங்க. கால்சட்டை மடிப்பை எறக்கி விடுங்க.”

புரியாமல் குனிந்தார்கள். ஒவ்வொருவர் காலிலும் துணி நாலு விரல் இறங்கி ஷூவை மூடித் தரையில் புரண்டது. ஊர் முழுக்க அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் மாதிரி நின்றது.

ஒரேஸ்தே குனியவில்லை. இறக்கிவிட அவருக்கு மடிப்பு இல்லை.

மிரெல்லாதான் முதலில் பேசினாள். “தலைவரே. உங்களுதையும் நான்தானே வெட்டினேன். எல்லாருதும் ஒரே கணக்கு.”

“காலையில அவர் உக்காந்த நாற்காலியில மட்டும் கறை இல்ல. தொவைச்ச துணி அப்படிச் சாயம் விடாது,” என்றாள் செர்ரா. “நீங்க துடைக்காம விட்டீங்க மிரெல்லா. மத்த ஊர்னா ஒரு கால்சட்டை அளவா இருக்கறதை யாரும் கவனிக்கமாட்டாங்க. நானும் காலையில கவனிச்சு, நல்லாத் தச்சிருக்காங்கன்னுதான் நினைச்சேன். ஒஸ்வால்தோ கால்ல மடிப்பு அவுந்து கெடந்ததைப் பாத்தப்பகூட எனக்குத் தோணல. அவரோடது நனைஞ்சுது, இன்னும் காயல, அதனால நீளமாவே இருந்துது. தலைவரே, உங்களோடது நனைஞ்சு, கண்ணாடிக் கூடாரத்து அடுப்புல காஞ்சுடுச்சு. சொல்லுங்க.”

ஒரேஸ்தே குவளையை மெதுவாகக் கீழே வைத்தார். ஓடவில்லை, மறுக்கவும் இல்லை.

“எந்த ஆலையும் எடுத்துக்கல,” என்றார். “நாட்டுல மேலேருந்து கீழ வரைக்கும் ஏறி எறங்கினேன். நம்ம நாரை நூலா நூக்கற மெஷினை எங்கப்பன் காலத்துலயே ஒடைச்சு இரும்புக்குப் போட்டுட்டாங்களாம். ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிச்சான். கட்டெல்லாம் தண்ணியில கெடக்கு, ஊரெல்லாம் எப்ப துணி வரும்னு கேக்குது. சீனாவுலேருந்து நூலை வரவழைச்சேன். ஒரு வருஷத்துக்குத்தான். கம்பெனிக்காரன் முன்பணத்துல மெஷின் வாங்கிட்டா அடுத்த வருஷம் எல்லாம் நெசமாயிடும்னு...”

“ஒஸ்வால்தோ?”

“வெளக்கிச் சொன்னேன். கேக்கல. ‘பொய்க்குச் சாயம் முக்க மாட்டேன், நாளன்னிக்கு அவங்க முன்னாலயே சொல்லுவேன்’னான். தண்ணியில குதிச்சுக் கட்டை வாரிவாரிக் கரையில போடப் பாத்தான். நிறுத்தத்தான் எறங்கினேன். சத்தியமா நிறுத்தத்தான் எறங்கினேன்.”

“கால்சட்டைய ஏன் எரிக்கல? அடுப்பு பக்கத்துலயே இருந்துதே.”

“எரிக்கத்தான் எடுத்தேன். மனசு வரல. இத்தனை வருஷத்துக்கப்புறம் இந்த ஊர்ல நெய்த மொத துணி.”

“நம்ம நூலே இல்லையே,” என்றாள் மிரெல்லா. “என்னத்தைப் பாத்து உனக்கு மனசு வரல? நாலு மாசம் கண்ணைக் கெடுத்துக்கிட்டு நெய்தேனே, அது யாரோட நூலு?”

நஸாரியோ விலங்கை எடுத்தான். அப்போதுதான் கிளேலியா எழுந்தாள். கணவனைக் கொன்றவனை அறையப்போகிறாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் அவர் பக்கமே திரும்பாமல் செர்ராவிடம் வந்தாள்.

“மரெஷாலோ, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தி வைக்க முடியுமா?”

“எதை?”

“இதை. கையெழுத்து ஆகட்டும். அப்புறம் இவரை என்ன வேணா பண்ணுங்க, நானே சிறைக் கதவைத் தெறந்து விடறேன். என் வீட்டுக்காரர் போயிட்டார். இன்னிக்குப் பிடிச்சாலும் நாளன்னிக்குப் பிடிச்சாலும் அவர் வரப்போறதில்ல. எம் பொண்ணு வரணும்.”

யாரும் அதிர்ந்துபோகவில்லை. எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு, யார் முதலில் கேட்பது என்று நின்றிருந்தார்கள். லூயிஜின் கிழவர் தரையில் புரண்ட கால்சட்டையை இழுத்துப் பிடித்தபடி, “ஒரே ஒரு நாள்தானே,” என்றார்.

“முடியாது,” என்றாள் செர்ரா. விலங்கைப் போடும்படி நஸாரியோவுக்குச் சைகை காட்டினாள்.

“தீவுக்காரி,” என்று ஒருத்தி சொன்னாள், இந்தத் தடவை முகத்துக்கு நேரே.

சனி, காலை 8.30

ஒரேஸ்தேவைத் துரின் சிறைக்குக் கூட்டிப்போகக் கிளம்பும் நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. மிலான் கம்பெனியிலிருந்து ஒரு பெண். செய்தித்தாளில் பார்த்தார்களாம். இனிமையான குரல்.

“ரொம்ப வருத்தமா இருக்கு. எங்க ஆளுங்க இன்னிக்கு வரல, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“நூல் விஷயத்துல உங்களையும் ஏமாத்தியிருக்காங்க,” என்றாள் செர்ரா. “அது சம்பந்தமா உங்க வாக்குமூலம் வேணும்.”

“நூலா? அது எங்களுக்கு முன்னாடியே தெரியுமே. மாதிரித் துணி வந்த அன்னிக்கே சோதனைக்கூடத்துல பாத்துட்டோம். இந்த நாட்டுல யாருக்குமே சணல் நூல் உள்ளூர்ல கெடைக்கறதில்ல மேடம், எல்லாரும் அங்கேருந்துதான் வாங்கறாங்க. ‘இங்கே நெய்தது’ன்னு சீட்டு தச்சுட்டாப் போதும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கழுதை, கப்பல், நானூறு வருஷம், அந்தக் கதைதான். அது ரொம்ப அழகா இருந்துது.”

“அப்ப கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?”

“கண்டிப்பா. ஆனா இப்ப இந்தக் கொலை ஒண்ணு ஒட்டிக்கிச்சு பாருங்க. அந்தக் கதை துணியோட ஒத்துப்போகாது. நாங்க வேற ஊர் பாத்துக்கறோம். உங்க ஊர்க்காரங்களுக்கு எங்க ஆறுதலைச் சொல்லிடுங்க.”

செர்ரா போனை வைத்தாள். நஸாரியோ வண்டியைக் கிளப்பினான். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சங்கத்து வயல்கள்; முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றன. பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரேஸ்தே தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நல்லா வந்திருக்கு,” என்றார். “இந்த வருஷம் நார் நீளமா வரும்.”

வண்டி ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது.

“காலையில போன் வந்துதே. அவங்கதானே?”

“ஆமா.”

“நூல் சமாச்சாரம் தெரிஞ்சதும் என்ன சொன்னாங்க? ரொம்பக் கோவப்பட்டாங்களா?”

ஆமாம், கோபப்பட்டார்கள் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த மனிதன் தான் ஒரு காரணத்துக்காகக் கொன்றோம் என்று எண்ணிக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவான். செர்ராவுக்கு வாய்வரை வந்தது. நேற்று குளக்கரையில் ஒஸ்வால்தோவின் கண்ணை மூடிவிட்டது அவள்தான்.

“அவங்களுக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள். “நூல் எங்கேருந்து வந்துதுன்னு மொதல்லருந்தே தெரியும். இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. ஒஸ்வால்தோ சொல்லியிருந்தாலும் போட்டிருப்பாங்க.”

அவருக்கு உடனே புரியவில்லை. முகத்தில் ஒரு மரியாதையான புன்னகைகூட இருந்தது, காது சரியாகக் கேட்காதவர்கள் சிரிப்பதுபோல. பிறகு அது போயிற்று.

“அப்படின்னா நான் அவனை...” என்றார். “இல்ல மரெஷாலோ, நீங்க சரியாக் கேட்டிருக்கமாட்டீங்க. தெரியும்னா, எது தெரியும்? எல்லாமேவா?”

“எல்லாமே.”

துரின் போய்ச் சேரும் வரைக்கும் அவர் அந்தக் கேள்வியை விதவிதமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் செர்ரா அதே பதிலைச் சொன்னாள்.